கேலக்ஸி தவளையைக் காப்பாற்ற எதில் பணம் போடுவது?

விரல் நுனியளவு தவளை. கறுப்பு உடம்பு முழுக்க வெளிர்நீலப் புள்ளிகள், தொடைப் பக்கம் கொஞ்சம் ஆரஞ்சு. படத்தில் பார்க்க இரவு வானம் மாதிரி இருக்கிறது என்பதால் கேலக்ஸி தவளை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அறிவியல் பெயர் மெலனோபட்ராகஸ் இண்டிகஸ். சென்னை மாகாண வனத்துறையின் தலைமையில் இருந்த பெட்டோம் என்ற ராணுவ அதிகாரி 1878-இல் இதை விவரித்தார். அப்புறம் பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் சரியாகப் படவில்லை, 1997-இல்தான் மறுபடியும் கண்டுபிடித்துவிட்டோம் என்று எழுதினார்கள். ஆனைமலை, மூணாறு, மதிகெட்டான் சோலை என்று கேரளா, தமிழ்நாடு எல்லையை ஒட்டிய தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான காடுகளைத் தவிர உலகில் வேறு எங்கும் கிடையாது. பேரினத்திலும் இது ஒன்றே ஒன்றுதான், அண்ணன் தம்பி யாரும் இல்லை. ஒரு காலத்தில் தான்சானியா மலைக்காட்டுத் தவளைகள் சிலவற்றை இதோடு ஒரே துணைக்குடும்பத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள், பிறகு அவற்றையும் பிரித்துவிட்டார்கள்.

இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் வருகிற முதல் கேள்வி, இதற்கு என்ன செய்யலாம் என்பது. ஆளுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். சட்டத்தில் உயர்ந்த பாதுகாப்பு கொடு என்கிறார் ஒருவர், பிடித்து வந்து கூண்டில் இனப்பெருக்கம் செய்ய வை என்கிறார் இன்னொருவர், சுற்றுலா நடத்தி அந்த வருமானத்தில் காடு காப்போம் என்பவரும் உண்டு, இருக்கும் இடத்தையே யாருக்கும் சொல்லாதே என்பவரும் உண்டு, தோட்டத்தை மறுபடி காடாக்கு என்பவரும் உண்டு. எல்லாமே காதுக்கு நன்றாக இருக்கிறது. எல்லாவற்றையும் செய்யும் அளவுக்குப் பணமோ ஆளோ யாரிடமும் இல்லை என்பதுதான் சிக்கல். ஒரு சிறிய அமைப்போ, ஒரு வனக்கோட்டமோ, நன்கொடை தர நினைக்கிற நாலு பேரோ உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும் என்றால் எதை முதலில் வைப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று என் கணக்கைச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் கேரளாவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் வரிசை முழுக்க அதிலிருந்துதான் வருகிறது. 2020 தொடக்கத்தில் ராஜ்குமார் என்ற ஆய்வாளர் அங்கே ஒரு மழைக்காட்டில் விழுந்து கிடந்த மரக்கட்டைகளுக்கு அடியில் 7 கேலக்ஸி தவளைகளைப் பார்த்தார். கொரோனா வந்ததால் உடனே திரும்பிப் போக முடியவில்லை. பிறகு போனபோது அந்தப் பெரிய மக்கிய கட்டை இடம் மாறி உடைந்து கிடந்தது, சுற்றியிருந்த செடிகள் மிதிபட்டிருந்தன. விசாரித்தால், படமெடுக்கச் சின்னச் சின்னக் குழுக்களாக ஆட்கள் வந்து கட்டைகளைப் புரட்டியிருக்கிறார்கள், நல்ல பின்னணி கிடைக்கிற இடத்துக்குத் தவளைகளைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வைத்துப் படம் பிடித்திருக்கிறார்கள், அப்படிக் கையாண்டதில் இரண்டு செத்தும் போயின என்று காட்டில் வழிகாட்டுகிறவர் சொல்லியிருக்கிறார். 2022 ஆகஸ்ட் வரை திரும்பத் திரும்பத் தேடியும் அந்த இடத்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

மரம் வெட்டவில்லை, அணை கட்டவில்லை, விஷம் வைக்கவில்லை. தவளையைக் கையில் எடுத்த ஆட்கள் அதை வெறுத்தவர்களும் இல்லை, அதன் மேல் ஆசைப்பட்டுத்தான் வந்தார்கள். வான்படத்தில் பார்த்தால் அந்தக் காடு அப்படியே பச்சையாகத்தான் தெரியும்.

சரி, வழிகளுக்கு வருவோம். முதலில் எல்லாருக்கும் தோன்றுவது பட்டியல். உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன், அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களை வகைப்படுத்தி வைத்திருக்கும் செம்பட்டியலில் இந்தத் தவளை முன்பு அருகிவரும் இனம் என்ற வகையில் இருந்தது, இப்போது ஒரு படி கீழே, அழிவாய்ப்பு இனம் என்ற வகையில் இருக்கிறது. இதைக் கேட்டதும் பாதிப் பேர் நிலைமை தேறிவிட்டது என்று நினைக்கிறார்கள், மீதிப் பேர் அநியாயம், மறுபடி மேலே ஏற்ற வேண்டும் என்று கொதிக்கிறார்கள். இரண்டுமே கொஞ்சம் அவசரம். இப்படிப்பட்ட தவளைகளை யாரும் தலை எண்ணிக் கணக்கெடுப்பதில்லை, எண்ணவும் முடியாது. பெரும்பாலும் பரப்பை வைத்துத்தான் வகை முடிவாகிறது. பதிவான இடங்களை எல்லாம் சுற்றிக் கோடு போட்டால் வரும் பரப்பு 20,000 சதுர கிலோமீட்டருக்குள் இருந்தால் அழிவாய்ப்பு, 5,000-க்குள் இருந்தால் அருகிவரும் இனம், 100-க்குள் என்றால் மிக அருகிய இனம். இதோடு வாழிடம் துண்டுபட்டிருக்கிறதா, தரம் குறைந்துகொண்டே வருகிறதா என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஆக, யாராவது புதிதாக இரண்டு மலையில் தேடிக் கண்டுபிடித்துவிட்டால் போதும், கோடு விரிந்துவிடும், வகை இறங்கிவிடலாம். காட்டில் ஒரு தவளைகூடக் கூடியிருக்க வேண்டியதில்லை. அதே போல ஒரு கட்டைக்கு அடியில் இருந்த குடும்பம் முழுக்கக் காணாமல் போனாலும் அந்தக் கோடு நகராது.

அதனால் வகையை மாற்றச் சொல்லிப் போராடுவதில் நேரம் செலவழிப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பட்டியலுக்குப் பயனே இல்லை என்று சொல்லவில்லை. நிதி கேட்கும்போது அந்த வகையைப் பார்த்துத்தான் பல இடங்களில் மனுவைத் திறக்கவே செய்கிறார்கள். 2023-இல் வந்த உலகளாவிய மதிப்பீட்டில் 8,011 நீர்நில வாழ்விகளைப் பார்த்து, அதில் நூற்றுக்கு 41 அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னார்கள், முதுகெலும்புள்ள விலங்குகளில் இதுதான் மோசமான நிலை. அந்த மாதிரிப் பெரிய படம் தெரியப் பட்டியல் வேண்டும். ஒரு கட்டையைக் காப்பாற்ற அது வராது.

சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் பெயர் ஏற்றினால் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும், அதில் சந்தேகமில்லை. வியாபாரத்துக்காகப் பிடிக்கப்படுகிற உயிருக்கு அது பெரிய விஷயம். தவளைக்கால் ஏற்றுமதியை 1987-இல் நிறுத்தியபோது வயல் தவளைகளுக்கு நிஜமாகவே நல்லது நடந்தது. ஆனால் இங்கே நடந்தது வியாபாரம் இல்லையே. அதுவும் போக, சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதற்கும், படம் எடுப்பதற்கும், வாழிடத்தைச் சேதப்படுத்துவதற்கும் அதே சட்டத்தில் ஏற்கெனவே தடை இருக்கிறது, உள்ளே இருப்பது எந்த அட்டவணையில் இருக்கிற விலங்கு என்று அந்தப் பிரிவுகள் கேட்பதில்லை. குறை எழுத்தில் இல்லை. கட்டையைப் புரட்டுகிறவரிடம் போய், சார் இதைத் தொடாதீங்க என்று சொல்ல வேண்டியவர் யார், அவர் சொன்னால் எதிரில் நிற்பவர் கேட்பாரா என்பதில் இருக்கிறது. பெரிய லென்ஸோடு, பெரிய இடத்துத் தொடர்போடு வந்து நிற்கிறவரை, தினக்கூலிக்கு வேலை பார்க்கும் ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர் எப்படித் தடுப்பார்? அடுத்த நாள் தன் வேலை இருக்குமா என்றுதான் யோசிப்பார்.

இடத்தை மறைத்து வைப்பது, அதாவது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் சொல்லாமல் இருப்பது, இரண்டாவது வழி. செலவு என்று பார்த்தால் கிட்டத்தட்ட எதுவும் இல்லை. இது வெறும் பயம் இல்லை என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு: சீனாவில் 1999-இல் கோனியுரோசாரஸ் லூயி என்ற பல்லியை விவரித்து ஆய்விதழில் இடத்தோடு வெளியிட்டார்கள், அதைப் படித்துவிட்டு வளர்ப்பு விலங்கு வியாபாரிகள் போய் அந்த இடத்தையே துடைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் பல ஆய்வாளர்கள் துல்லியமான இடத்தை அச்சில் போடுவதற்கு முன் ஒருமுறை யோசிக்க ஆரம்பித்தார்கள். யார் வேண்டுமானாலும் தாங்கள் பார்த்த உயிரினத்தைப் படத்தோடு பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் இடக்குறிப்பு தானாகவே மங்கலாகிவிடும், சுமார் இருபது கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பெட்டிக்குள் எங்கோ என்று மட்டும்தான் காட்டும்.

ஆனால் மறைப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. படம் எடுக்கப் போகிற கூட்டம் ஆய்விதழைப் படித்துவிட்டுப் போவதில்லை. வாட்ஸப்பில் ஒருவர் இன்னொருவரிடம் கேட்டு, அவர் இன்னொரு வழிகாட்டியின் எண்ணைக் கொடுத்து, இப்படித்தான் இடம் பரவுகிறது. தளம் மங்கலாக்கினாலும் படத்துக்குக் கீழே ஊர் பேரைப் போட்டுப் பெருமை அடித்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிற வரை ரகசியம் ஒரு பருவமழைக் காலம் தாங்கும், அவ்வளவுதான். இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. தவளை இருப்பதை முழுக்க மறைத்துவிட்டால், அந்தச் சரிவில் சாலை போட வருகிறவரிடம் இங்கே இது இருக்கிறது என்று காட்டுவதற்கும் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் வனத்துறைக்கும் ஆய்வாளருக்கும் துல்லியமான இடம், மற்றவர்களுக்கு மலையின் பெயர் மட்டும் என்று இரண்டு அடுக்காக வைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். இன்றைக்கே ஆரம்பிக்கலாம், யாரிடமும் நிதி கேட்க வேண்டாம். முழு மருந்து என்று மட்டும் நம்பிவிடக் கூடாது.

சுற்றுலாவைப் பற்றிக் கொஞ்சம் நியாயமாகப் பேச வேண்டும், ஏனென்றால் தவளை பார்க்கப் போகிறவர்கள் எல்லாரையும் திட்டுவது இப்போது சுலபமாகிவிட்டது. மகாராஷ்டிராவில் அம்போலி என்று ஒரு மலையூர் இருக்கிறது. மழைக்காலத்தில் ராத்திரி நேரத்தில் டார்ச் எடுத்துக்கொண்டு தவளை பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். அங்கே அது ஓரளவு நடப்பதற்குக் காரணம் அங்குள்ள தவளைகளின் குணம். மலபார் பறக்கும் தவளை குட்டைக்கு மேலே தொங்கும் கிளையில் நுரைக்கூடு கட்டும், பாதையில் நின்றபடியே அண்ணாந்து பார்க்கலாம். புதர்த் தவளைகள் கத்திக்கொண்டே இருக்கும், சத்தத்தை வைத்தே இடம் தெரியும். எதையும் நகர்த்தாமல், எதன் மேலும் கை வைக்காமல் பார்க்க முடிகிறது. உள்ளூர்க்காரருக்கு நாலு காசு, வருகிறவருக்கு மகிழ்ச்சி, தவளைக்குப் பெரிய நஷ்டம் இல்லை. வண்டியில் அடிபட்டுச் சாகிற தவளைகளைத் தவிர, அது வேறு கதை.

கேலக்ஸி தவளையை அப்படிப் பார்க்கவே வழியில்லை. அது பகலில் கட்டைக்கு அடியில், கல்லுக்கு அடியில், மக்கிய இலைக்குள் கிடக்கும். பாதையில் நிற்கிற ஒருவருக்குக் காட்ட வேண்டும் என்றால் கூரையைத் தூக்கியாக வேண்டும். கட்டையைத் தூக்கிவிட்டு மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பார்கள். பல வருஷம் மக்கி, மண்ணோடு ஒட்டி, அடியில் ஒரே சீரான ஈரமும் குளிர்ச்சியும் இருந்த இடம் அது. ஒருமுறை தூக்கினால் மண்ணுக்கும் கட்டைக்கும் நடுவில் இடைவெளி விழும், அந்த வழியாகக் காற்று போகும், ஈரம் போகும், ஈரத்தோலால் மூச்சு விடும் ஒரு உயிருக்கு அந்த இடம் இனி உதவாது. மக்கிய கட்டை பாதி நேரம் கையிலேயே உடைந்தும் போகும். பயிற்சி பெற்ற வழிகாட்டி, ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு, கட்டணம், பிளாஷ் கூடாது என்று எத்தனை விதி போட்டாலும் இந்த ஒன்றை மாற்ற முடியாது. ஆகவே என் முடிவு: தவளைச் சுற்றுலா நல்லது, கத்துகிற தவளைகளுக்கு. இந்தத் தவளையின் பெயரை விளம்பரத்தில் போடுகிற எந்தச் சுற்றுலாவுக்கும் பத்து பைசா கொடுக்க மாட்டேன்.

கூண்டு இனப்பெருக்கம் கேட்க ரொம்பக் கவர்ச்சியான யோசனை. காட்டில் என்ன நடந்தாலும் பரவாயில்லை, நம்மிடம் ஒரு கையிருப்பு இருக்கிறது என்ற நிம்மதி. உலகத்தில் இது வேலை செய்ததற்கு நல்ல சாட்சி தான்சானியாவின் கிஹான்சி தேரை. ஒரே ஒரு அருவியின் சாரலில் மட்டுமே வாழ்ந்தது. மின்சாரத்துக்காக ஆற்றை மறித்ததும் சாரல் பெருமளவு நின்றுபோனது. 2000-இல் அமெரிக்காவின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலைக்கு 499 தேரைகளைக் கொண்டுபோனார்கள். அங்கே நோயும் ஊட்டக்குறைவும் வந்து நடுவில் எண்ணிக்கை நூறுக்கும் கீழே சரிந்தது. எப்படியோ மீட்டுப் பெருக்கினார்கள். 2009-இல் காட்டில் அற்றுப்போன இனம் என்று அறிவித்தார்கள், 2012-இலிருந்து திரும்பக் கொண்டுபோய் விட ஆரம்பித்தார்கள், அதற்காகப் பள்ளத்தாக்கில் குழாய் வைத்துச் செயற்கையாகச் சாரல் தெளிக்கும் ஏற்பாடும் செய்ய வேண்டியிருந்தது. ஒரு நாட்டு அரசு, அமெரிக்காவின் இரண்டு பெரிய காட்சிசாலைகள், பன்னிரண்டு வருஷம்.

அது நியாயமான செலவுதான், ஏனென்றால் வேறு வழியே இல்லை, சாரல் போய்விட்டது. கேலக்ஸி தவளைக்குக் காடு இன்னும் இருக்கிறது. அப்படி இருக்கும்போது முதல் வேலையாக அங்கிருந்து தவளைகளைப் பிடித்து வருவது எனக்குத் தலைகீழாகப் படுகிறது. கூண்டில் தொடங்குவதற்கு ஒரு நாலைந்து தவளை போதாது, மரபணு வகைமை வேண்டும் என்றால் பல இடங்களிலிருந்து பல தவளைகள் வேண்டும். அவற்றைப் பிடிக்கவும் கட்டையைத்தான் புரட்ட வேண்டும். நம் நாட்டில் டார்ஜிலிங் விலங்குக் காட்சிசாலையில் இமாலய சாலமாண்டருக்கு (பல்லி போல வாலுள்ள, தவளைக்கு உறவான உயிர்) இப்படி ஒரு முயற்சி நடந்திருக்கிறது, அதனால் திறமை இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் மழைக்காட்டுத் தரைத் தவளை வளர்த்துப் பழக வேண்டும் என்றால், நிறைய இருக்கிற ஒரு சாதாரண இனத்தை வைத்து முதலில் கையைப் பழக்கிக்கொள்ளட்டும். தீனி என்ன, ஈரம் எவ்வளவு, முட்டைக்கு என்ன வேண்டும் என்று கற்றுக்கொண்ட பிறகு அரிய தவளையைப் பற்றிப் பேசலாம்.

இனி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது: தரை. மரம் இல்லை, தரை. வால்பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து காப்பி, தேயிலை என்று வெட்டி வெட்டி, இப்போது தேயிலைக்கு நடுவே சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் மழைக்காடு மிஞ்சியிருக்கிறது. அந்தத் துண்டுகளில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பு இருபது வருஷத்துக்கு மேலாக, தோட்டக் கம்பெனிகளோடு பேசி, களைகளை அகற்றி, நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் மர வகைகளை நாற்றுவிட்டு நட்டுவருகிறது. இந்த மாதிரி வேலைக்குப் பொறுமைதான் முதலீடு. பத்து, பதினைந்து வருஷத்தில் நிழல் கூடுகிறது, பறவை வருகிறது, சும்மா விட்ட இடத்தைவிட நட்ட இடத்தில் காடு வேகமாகத் தேறுகிறது.

ஆனால் பெரிய மக்கிய கட்டை நாற்றங்காலில் கிடைக்காது. ஒரு மரம் வளர்ந்து, முதிர்ந்து, தானாகச் செத்து, விழுந்து, மழையில் ஊறி, பூஞ்சை பிடித்து, கரையான் தின்று, தவளை குடியேறும் பதத்துக்கு வர எத்தனை வருஷம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் இன்றைக்கு நடும் கன்று என் பேரன் காலத்தில்கூட அந்த வேலைக்குத் தயாராகாது. ஆகவே இப்போது காட்டில் கிடக்கிற ஒவ்வொரு பெரிய கட்டையும் வாங்க முடியாத சொத்து. இதனால் மறுசீரமைப்பு வேண்டாம் என்று முடிவாகிவிடாது, அது துண்டுகளை ஒட்ட வைக்கும், ஓரத்தில் அடிக்கும் வெயிலையும் காற்றையும் குறைக்கும், அந்த நிழல் உள்ளே கிடக்கும் பழைய கட்டையைக் காயாமல் வைக்கும். ஆனால் வரிசை என்று வந்தால், இருக்கிற கட்டையைக் காப்பது முதலில், புதுக் காடு வளர்ப்பது கூடவே.

மேலே இருந்து பார்த்தால் காடாகவும் கீழே போனால் வேறாகவும் இருக்கிற இடம் இன்னொன்றும் உண்டு: ஏலத்தோட்டம். இடுக்கி பக்கம் மைல் கணக்கில் இருக்கிறது. ஏலக்காய்க்கு நிழல் வேண்டும் என்பதால் பெரிய மரங்களை விட்டு வைக்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தில் அது பச்சைக்காடு. கீழே புதரை வெட்டி, தரையைச் சுத்தம் செய்து, விழுந்த கட்டையை விறகுக்கு எடுத்து, பூச்சிமருந்து அடித்து, தவளைக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஏலத்துக்கு அடிக்கும் மருந்தின் அளவு ஊரறிந்த விஷயம். மதிகெட்டான் சோலையையே 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தது ஆக்கிரமிப்பு ஏலச்சாகுபடி பெரிய பிரச்சினையாக வெடித்த பிறகுதான். அந்தப் பூங்கா மொத்தமே 12.82 சதுர கிலோமீட்டர், சுற்றிலும் தோட்டம். இங்கே நான் பணம் போடுவேன் என்றால், பூங்காவை ஒட்டியிருக்கிற தோட்டக்காரர்களிடம் பேசி, ஓடைக்கரையில் இரண்டு பக்கமும் ஒரு பட்டை விட்டுவிடுங்கள், அதில் மருந்து அடிக்க வேண்டாம், விழுந்த கட்டையை எடுக்க வேண்டாம், அதற்கு ஏதாவது ஈடு தருகிறோம் என்று கேட்பதில் போடுவேன். எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பத்தில் இரண்டு பேர் ஒத்துக்கொண்டாலும் பூங்காவின் அகலம் கூடியது மாதிரிதான்.

ஆய்வைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் முடிவு எடுக்க முடியாதபோது இன்னும் ஆராய்ச்சி தேவை என்று சொல்லித் தப்பிப்பது எல்லாரும் செய்வது. ஆய்வு தேவைதான். ஆனால் இந்தத் தவளையைத் தேடும் வழக்கமான முறையே கட்டையைப் புரட்டுவது என்பதால், வருஷா வருஷம் எண்ணிக்கை எடுக்கிறேன் என்று கிளம்பினால் ஆய்வாளரும் படக்காரரும் செய்வது ஒன்றாகிவிடும். வட அமெரிக்காவில் சாலமாண்டர் கணக்கெடுக்கப் பலகைகளைக் காட்டுத்தரையில் பரப்பிவைத்து, சில மாதம் கழித்து அந்தப் பலகையை மட்டும் தூக்கிப் பார்ப்பார்கள், பழைய கட்டைகளைத் தொடுவதில்லை. இங்கே இந்தத் தவளை பலகைக்கு அடியில் வந்து உட்காருமா என்பதைச் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். செலவு குறைவு, ஒரு மழைக்காலத்தில் பதில் கிடைக்கும். தோட்டத்தில் காய்ந்துபோகும் நிழல்மரங்களை விறகுக்கு விற்காமல் துண்டாக வெட்டி, மறுசீரமைப்பு நடக்கும் துண்டுகளில் போட்டு வைத்து என்ன வருகிறது என்று பார்ப்பதும் இதோடு சேர்த்துச் செய்யலாம்.

இப்போது பணத்தைப் பிரிக்கச் சொன்னால் நான் இப்படிப் பிரிப்பேன். பெரிய பங்கு, பாதிக்கு மேல், காட்டுக்குள் நடக்கிற ஆட்களுக்கு. காடர், முதுவர் போன்ற சமூகங்களிலிருந்து வேட்டைத் தடுப்புக் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் இருப்பவர்களுக்கு மாதச் சம்பளம் நேரத்துக்கு வர வேண்டும், வேலை நிரந்தரமாக இருக்க வேண்டும், அவர் நிறுத்து என்று சொல்லிப் புகார் கொடுத்தால் மேலதிகாரி அவர் பக்கம் நிற்பார் என்ற நம்பிக்கை வேண்டும். எந்தச் சரிவில் எந்தக் கட்டைக்கு அடியில் என்ன இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிகிற அளவு யாருக்கும் தெரியாது, அந்த அறிவைப் படக்காரர் கொடுக்கும் ஐநூறு ரூபாய்க்கு விற்க வேண்டிய நிலைமையில் அவர்களை வைத்திருப்பது நம் தப்பு. மீதியில் பெரும்பகுதி வால்பாறைத் துண்டுகளுக்கும் ஏலத்தோட்ட ஓடைக்கரைகளுக்கும். சின்னப் பங்கு பலகைச் சோதனைக்கு. இடத்தை மறைப்பதற்குப் பணம் வேண்டாம், ஒழுங்கு போதும்: மக்கிய கட்டைக்கு மேல் எடுத்த, கையில் வைத்து எடுத்த படங்களைப் போட்டிகளிலும் பத்திரிகைகளிலும் ஏற்க மாட்டோம் என்று நடுவர்கள் சொல்லிவிட்டால் பாதிக் கூட்டம் தானாகக் குறையும். பட்டியல், அட்டவணை விஷயத்துக்கு ஒரு நல்ல மனு எழுதும் செலவு, அதற்கு மேல் இல்லை. கூண்டுக்கு இப்போதைக்குப் பூஜ்யம்.

இந்த வரிசையைக் கல்லில் செதுக்கவில்லை. ஒரு செய்தி வந்தால் நான் மாற்றிக்கொள்வேன். கைட்ரிட் என்ற பூஞ்சை நோய் உலகம் முழுக்க 501 நீர்நில வாழ்விகளைக் குறைத்து, அதில் 90-ஐ அற்றுப்போக வைத்ததாக 2019-இல் கணக்குப் போட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அந்தப் பூஞ்சை இருக்கிறது, ஆனால் மத்திய அமெரிக்காவில் நடந்தது மாதிரி கும்பல் கும்பலாகச் செத்து விழுந்ததாக இங்கே இதுவரை பதிவில்லை. அப்படி ஏதாவது ஒரு ஓடையில் சாவு தொடங்கினால் கட்டையைக் காத்தும் புண்ணியமில்லை, காவலரை நிறுத்தியும் புண்ணியமில்லை, அன்றைக்குக் கூண்டுதான் முதல் வழி, அதற்குள் சாதாரண இனத்தை வைத்துப் பழகியிருந்தால்தான் கை ஓடும். அதனால் அந்தப் பூஜ்யத்தை மட்டும் கொஞ்சம் திருத்துகிறேன்: பலகைச் சோதனைக்கு ஒதுக்கியதிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, ஏதாவது ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சாதாரணத் தரைத் தவளை ஒன்றை இரண்டு தலைமுறை வளர்த்துக் காட்டச் சொல்லுங்கள்.